காப்பிக் குடோனில் ஒரு ஏர் ரைபிள்: நாகலூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் மூன்று மாதம்

2024 டிசம்பர் கடைசியில் சித்தப்பா போன் செய்தார். "கண்ணு, மூட்டையெல்லாம் ஓட்டை. ஒரு தடவ மேல வந்துட்டுப் போ" என்றார். சேலத்துக்காரர்களுக்கு மேலே என்றால் ஏற்காடுதான். நாகலூருக்குப் போகிற வழியில் அவருக்கு ஆறு ஏக்கர் காப்பித் தோட்டம். சில்வர் ஓக் நிழல், அந்த மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, ஓரங்களில் பலாவும் ஆரஞ்சும். கொண்டை ஊசி வளைவு இருபதையும் ஏறி நான் போய்ச் சேர்ந்தபோது, கருங்கல் சுவரும் நாட்டு ஓடும் போட்ட குடோனில் 38 மூட்டை அடுக்கியிருந்தது. பாதி செர்ரி, அதாவது பழத்தோலோடு காயவைத்தது; பாதி பார்ச்மென்ட், அதாவது பழத்தோலை நீக்கி உள்தோலோடு காயவைத்தது. கீழ் வரிசையில் கடிபடாத மூட்டை ஒன்றுகூட இல்லை.

எலி காப்பிக்கொட்டையை விரும்பித் தின்பதில்லை. ஆனால் அதன் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பது. எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். அதே குடோனில் ராகி, கோழித் தீவனம், பலாக்கொட்டை எல்லாம் இருந்தன. தின்ன அதுகளும், கடிக்கச் சாக்கும், படுக்கச் சாக்கு நாரும். கொட்டிப்போன காப்பியை அள்ளிவிடலாம். எலி மூத்திரம்தான் பெரிய நஷ்டம். காப்பி எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும். வாங்க வருகிறவர் ஒரு கை அள்ளி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார், முகம் மாறுகிறது, விலையும் மாறிவிடுகிறது. போதாக்குறைக்கு எலிக்காய்ச்சல் பயம். வெறுங்காலோடு அந்தத் தரையில் நடந்துதான் பெண்கள் காப்பி பொறுக்குகிறார்கள்.

முந்தின வருஷம் மருந்து வைத்திருக்கிறார்கள். புரோமடியோலோன் வில்லை. அது ரத்தத்தை உறையவிடாமல் செய்து கொல்கிற மருந்து. தின்ற எலி உடனே சாகாது, நாலைந்து நாள் தள்ளாடிக்கொண்டு வெளியே திரியும். தள்ளாடுகிற எலியைப் பிடிப்பது கூகை ஆந்தைக்குச் சுலபம். மாசி மாதத்தில் ஒரு காலை, களத்துக்குக் கீழே சில்வர் ஓக் அடியில் ஒரு கூகை செத்துக் கிடந்தது. இதய வடிவ வெள்ளை முகம், ஒரு காயமில்லை, மூக்கோரத்தில் மட்டும் உறையாத ரத்தம். யாரும் பரிசோதிக்கவில்லை. மருந்துதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. சித்திக்கு அந்தச் சந்தேகமே போதுமாக இருந்தது. "இனி அந்த மருந்து இந்த வாசல் ஏறக்கூடாது" என்று சொல்லிவிட்டார். மஞ்சள் பாஸ்பரஸ் பசையைத் தமிழ்நாடு அரசே தடை செய்துவிட்டதால் அந்தப் பேச்சும் இல்லை.

அதனால்தான் சித்தப்பா ஏர் ரைபிள் வாங்கினார். சேலத்தில் அடையாள அட்டையைக் காட்டி, முகவரிச் சான்று கொடுத்து, முறையாக வாங்கினார். அதைக் கையாளச் சொல்லிக்கொடுத்து, எலியைக் குறைத்துத் தர வேண்டும். என்னைக் கூப்பிட்டது இதற்குத்தான். பள்ளிக்கூட நாளில் மாவட்ட அளவில் பத்து மீட்டர் போட்டியில் சுட்டவன் நான். அந்தப் பழக்கம் இருந்தது.

ஏன் இதன்மேல் இவ்வளவு ஆசை

இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஏர் ரைபிளைக் குறை சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஈர்ப்பு பொய்யில்லை. வெடிமருந்து கிடையாது. குழலை மடக்கினால் உள்ளே சுருள்வில் இறுகுகிறது. விசையை இழுத்ததும் வில் விரிந்து பிஸ்டனைத் தள்ள, முன்னால் அடைபட்ட காற்று ஈய ரவையை உந்துகிறது. சைக்கிள் பம்பு செய்கிற வேலைதான், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடக்கிறது. சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. ஒரு டப்பா ரவை பல வாரம் வரும். நஞ்சு இல்லை, நாய்க்கும் கோழிக்கும் ஆபத்தில்லை, எது செத்தது என்று கண்ணாலேயே தெரிகிறது. மருந்து வைக்கிறவருக்கு இந்தக் கடைசி விஷயம் ஒருநாளும் கிடைக்காது.

அப்புறம் கைக்குக் கிடைக்கிற சுகம். இடுப்பு மெலிந்த அந்தச் சின்ன ரவையைக் கட்டைவிரலால் குழலின் வாயில் வைத்து அழுத்தும்போது அதன் பாவாடை, அதாவது விரிந்த அடிப்பக்கம், மட்டம் ஆகும்வரை ஒரு மெல்லிய எதிர்ப்பு தெரியும். குழலை மூடினால் 'டக்'. மூச்சை பாதி விட்டு நிறுத்தியபோது முன்குறி தானாக அடங்குகிறது. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் பத்து மீட்டர் வகையில்தான். இருநூறு வருஷத்துக்கு முன் ஆஸ்திரியப் படையே ஜிரார்டோனி என்ற காற்றுத் துப்பாக்கியோடு சண்டைக்குப் போயிருக்கிறது. விளையாட்டுச் சாமான் என்று நினைத்துக் கையில் எடுப்பதுதான் முதல் தப்பு.

நம் ஊர்ச் சட்டம் இதற்கு ஒரு கோடு போட்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம். அதைத் தாண்டினால் வேண்டும். சித்தப்பா வாங்கியதில் அரை கிராம் ரவை விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால் பத்து ஜூல். வெடிமருந்துத் துப்பாக்கியின் சின்ன பாயிண்ட் 22 தோட்டாவே நூறு ஜூலைத் தாண்டும். இந்த வித்தியாசத்தை மனதில் வாங்கிக்கொள்ளாமல் காட்டுப்பன்றியைச் சுடுவது பற்றி என்னிடம் பேசுகிறவர்கள் ஏற்காட்டில் நிறையப் பேர். பன்றியின் தோலில் அது ஒரு புண், அவ்வளவுதான். புண்ணோடு ஓடி, எங்கேயோ புதரில் வாரக்கணக்கில் அழுகிச் சாகும்.

உரிமம் வேண்டாம் என்பதை 'எதையும் சுடலாம்' என்று படிக்கிறார்கள். இரண்டும் இரண்டு சட்டம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அட்டவணையில் இருக்கிற எந்த உயிரையும் வேட்டையாடக் கூடாது. கையில் இருந்தது கவணா, ஏர் ரைபிளா என்று சட்டம் கேட்காது. எலி, சுண்டெலி, காகம், பழந்தின்னி வௌவால் இவற்றைத் தொல்லை உயிர்கள் என்று தனியாகப் போட்டிருந்த ஐந்தாம் அட்டவணையே 2022 திருத்தத்தில் போய்விட்டது. திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டெலி இப்போது அட்டவணைக்கு வெளியே. குரங்கு உள்ளே, காட்டுமாடு உள்ளே, பன்றியும் உள்ளே. 2025 ஜனவரியில் தமிழக அரசு பன்றி விஷயத்தில் கொஞ்சம் இறங்கி வந்தது. அதிலும் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், அதுவும் சுடுவது வனத்துறை. தோட்டக்காரர் இல்லை.

சரி, எலிக்கு வருவோம்.

கோலமாவுக் கணக்கு

எத்தனை எலி இருக்கிறது என்று யாராலும் எண்ண முடியாது. கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. குடோன் தரையைச் சுண்ணக்கட்டியால் பன்னிரண்டு கட்டமாகப் பிரித்தோம். பொழுது சாய்ந்ததும் ஒவ்வொரு கட்டத்திலும் கோலமாவை மெல்லியதாகத் தூவினோம். அரிசிமாவு இல்லை, அதைத் தின்றுவிடும்; வெள்ளைக்கல் பொடி. காலையில் எத்தனை கட்டத்தில் தடம் என்று பார்ப்பது. சித்தி ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினார். ஜனவரி 4ஆம் தேதி 12க்கு 12. சுவரோரக் கட்டங்களில் தடத்தின்மேல் தடம், நடுவில் வாலை இழுத்துக்கொண்டு போன கோடு.

ரைபிளைப் பகலில் களத்தில் குறி சரிபார்த்தேன். வில் வகை ரைபிளை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. ரவை குழலை விட்டுப் போவதற்குள் உள்ளே பிஸ்டன் ஓடி முட்டுவதால் துப்பாக்கி முன்னும் பின்னும் உதறும். இறுக்கினால் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு இடத்தில் விழும். உள்ளங்கையில் சும்மா தாங்கி, அது உதறட்டும் என்று விட்டேன். பத்து மீட்டரில் ஐந்து ரவை ஒரு ரூபாய்க் காசுக்குள் விழுந்தது. எலியின் தலையில் உயிர்நிலை அந்தக் காசைவிடச் சிறியது. ஆகவே பத்து மீட்டருக்கு மேல் சுடுவதில்லை, ஓடுகிற எலியைச் சுடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டோம்.

ஜனவரி 10 முதல் பிப்ரவரி 2 வரை பதினான்கு இரவு உட்கார்ந்தேன். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றினால் எலி அவ்வளவாக மிரளாது. ஏற்காட்டு ஜனவரிக் குளிர், தோளில் கம்பளி, மூட்டைக்குமேல் மூட்டையாக அந்த இருட்டு. முதலில் ஓட்டுக்குக் கீழே மண் உதிரும். அப்புறம் கைமரத்தின்மேல் இரண்டு கண். அது நின்று மூக்கைத் தூக்கி மோப்பம் பிடிக்கும், மீசை மயிர் ஒவ்வொன்றும் சிவப்பு வெளிச்சத்தில் நடுங்கும். அந்த ஒன்றரை விநாடிதான்.

பதினான்கு இரவில் 71 ரவை. 26 எலி. ஆறு எலி அடிபட்டு ஓடிப்போனது. இந்த ஆறைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. ஒன்று மூன்றாம் நாள் ஓட்டிடுக்கில் நாற்றமெடுத்துத் தெரிந்தது. மற்ற ஐந்தும் எப்படிச் செத்தன என்று தெரியாது. சட்டமே இதைக் கேட்கிறது: 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் தேவையில்லாத துன்பத்தைக் குற்றம் என்கிறது. சட்டம் இருக்கட்டும், இருட்டில் அந்தக் கீச்சுச் சத்தம் கேட்ட பிறகு தூக்கம் வருவதில்லை.

செத்த எலியைத் தோட்டத்தில் எறியக் கூடாது என்பது இரண்டாவது இரவுதான் எனக்கு உறைத்தது. உடம்பில் ஈயம் இருக்கிறது. மரநாயோ கூகையோ எடுத்துத் தின்றால், மருந்தை விட்டுவிட்டு ஈயத்தைக் கொடுத்ததாக ஆகும். களத்துக்குப் பின்னால் இரண்டடி ஆழக் குழி, ஒவ்வொரு காலையும் மண் போட்டு மூடினோம்.

திரும்பி வந்த ரவை

ஐந்தாவது இரவு தம்பி, அதாவது சித்தப்பா மகன், டார்ச் பிடித்தான். கைமரத்தில் இருந்த எலியைக் குறிவைத்தேன், தப்பியது. ரவை கருங்கல் சுவரில் பட்டு, அங்கே சாய்த்திருந்த கடப்பாரையில் தட்டி, தம்பியின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் வந்து விழுந்தது. பலமிழந்துதான் வந்தது. ஆனாலும் எட்டணா அளவுக்குச் சிவந்து தடித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் மேலே போயிருந்தால் கண். தட்டையாகி ஒரு பக்கம் பளபளத்த அந்த ரவையைச் சித்தப்பா தரையில் தேடி எடுத்து மேசையில் வைத்தார். யாரும் பேசவில்லை.

தப்பு என்னுடையது. எலிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சுட்டேன். மறுநாளே சுடுகிற திசையில் மணல் மூட்டைகளை அடுக்கி, மேலே பழைய ரப்பர் பாயைத் தொங்கவிட்டோம். கண்ணாடி போடாமல் யாரும் உள்ளே வருவதில்லை என்றும் ஆனது. இதெல்லாம் முதல் இரவே செய்திருக்க வேண்டியது. கல் சுவரும் இரும்புச் சாமானும் உள்ள குடோனில் ஏர் ரைபிளை எடுக்க நினைக்கிறவர்கள் தயவுசெய்து இதை முதலில் செய்யுங்கள். கூரையை நோக்கிச் சுடவும் வேண்டாம். நாங்கள் உடைத்த இரண்டு ஓட்டுக்கு மழைக்காலம் எங்களுக்காகக் காத்திருந்தது.

பொங்கலுக்கு வந்த உறவுப் பையன் ஒருவன் செய்த காரியம் இதைவிட மோசம். பதினேழு வயது. பகலில் ரைபிள் சுவரில் மாட்டியிருந்தது, பூட்டில்லை. காப்பிச் செடிக்கு மேலே கம்பியில் உட்கார்ந்திருந்த மணிப்புறாவைச் சுட்டான். அது விழுந்ததும் அவனுக்கே முகம் வெளிறிவிட்டது. சித்தி ஓடிப்போய் முந்தானையில் எடுத்தார். ஒரு சிறகு தொங்கியது, கழுத்தில் வெள்ளைப் புள்ளிகள் மேலும் கீழும் அசைந்தன. அரை மணி நேரம் உயிரோடு இருந்தது. "எலியத்தான சுடச் சொன்னோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார் சித்தி. பையன், "சும்மா பட்டுதான்னு பாத்தேன் பெரியம்மா" என்றான்.

நான் இந்த வாக்கியத்தைத்தான் நிறைய யோசித்தேன். ஏர் ரைபிளின் ஈர்ப்பு அந்த 'பட்டுதான்னு பாத்தேன்' என்பதில் இருக்கிறது. கையில் இருந்தால் கண் இலக்கைத் தேடும். பண்டிகைப் பொருட்காட்சியில் பலூன் சுடுகிற அதே கை. மணிப்புறாவைச் சுடுவதும் வேட்டைதான், பொதுவான தண்டனை மூன்று வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அருணாச்சலப் பிரதேசத்தில் வீட்டுக்கு வீடு ஏர் கன் வைத்துக்கொண்டு பறவை, அணில் எல்லாவற்றையும் சுட்டுக் காடே அடங்கிப்போன நிலையில், 2021 மார்ச்சில் அந்த அரசு ஏர் கன் ஒப்படைப்பு இயக்கம் தொடங்கியது. இரண்டாயிரத்துக்கும் மேல் ஒப்படைத்தார்கள். பறவைச் சத்தம் போன பிறகு எடுத்த முடிவு அது. ஏற்காடு இருக்கிற எங்கள் சேர்வராயன் மலையில் இன்னும் அந்தச் சத்தம் இருக்கிறது. அன்று சாயங்காலமே ரைபிள் இரும்புப் பெட்டிக்குள் போனது. சாவி சித்தியிடம்.

பெரியவர் கேட்ட கேள்வி

பிப்ரவரி 3ஆம் தேதி காலை காலண்டரில் எழுதியது: 12க்கு 11. பதினான்கு இரவு விழித்து, 26 எலியைக் கொன்று, ஒரு கட்டம் குறைந்திருக்கிறது. நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். காவலுக்கு இருக்கிற, இந்த மலையின் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த பெரியவர் வாசல்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயசில் இந்த மலையில் வேட்டைக்குப் போனவர். ராகிக் காட்டில் இன்றைக்கும் கிட்டி வைத்துத்தான் எலி பிடிக்கிறார். "சுடறது இருக்கட்டும் தம்பி. அது எங்க குடியிருக்குது, எதுல வருதுன்னு பாத்தியா?" என்றார்.

பார்க்கவில்லை. எலி மூன்று வாரத்தில் குட்டி போடும், ஒரு ஈட்டுக்குப் பெரும்பாலும் ஆறு அல்லது அதற்கு மேல், போட்ட கையோடு மறுபடி சினைப்படும். இருட்டில் ஒரு ஆள் இரவுக்கு இரண்டு எலி சுட்டால், சாப்பாடும் வழியும் இருக்கிறவரை, வெளியிலிருந்து இரண்டு வந்து நிரப்பிக்கொள்ளும். நான் செய்தது கிணற்றுக்குப் பக்கத்தில் நின்று வாளியால் இறைத்தது; ஊற்றை யாரும் அடைக்கவில்லை.

பெரியவரும் நானும் இரண்டு நாள் குடோனைச் சுற்றினோம். கதவுக்கும் படிக்கும் நடுவில் என் இரண்டு விரல் போகிற சந்து. குட்டி எலிக்கு அரை அங்குலம் போதும். ஓடும் சுவரும் சேருகிற இடத்தில் மூன்று ஓட்டை, விளிம்பு எண்ணெய் தடவியது போலக் கறுத்து மினுங்கியது. அதுதான் அடிக்கடி போகிற பாதை என்று பெரியவர் காட்டினார். தாழ்ந்த பலாக்கிளை ஒன்று நேரே ஓட்டின்மேல் படிந்திருந்தது. பின்சுவரோரம் கல்குவியலுக்கு அடியில் வளைகள்.

பிப்ரவரி 8 முதல் ஒன்பது நாள் வேலை. கதவடியில் தகரம், சந்துகளில் பொடிக்கண் கம்பிவலை வைத்துச் சிமெண்ட், கிளையை வெட்டி ஓட்டிலிருந்து ஆறடி விலக்கு, கல்குவியலை அப்புறப்படுத்தல். ராகியும் தீவனமும் மூடி போட்ட டிரம்முக்குள். மூட்டைகள் மரப்பலகைமேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, சுற்றிலும் நடந்து பார்க்கிற மாதிரி. இந்த ஒன்றரை அடியை அற்பமாக நினைக்காதீர்கள். சுவரோடு ஒட்டி ஓடுவதுதான் எலியின் சுபாவம். ஒட்டி ஓட மறைவு இல்லை என்றால் அது அங்கே தங்குவதில்லை.

அப்புறம் ஆறு அடிப்பொறி, தேங்காய்ச் சில்லு வைத்து, சுவரோரம். பிப்ரவரி 17 முதல் மார்ச் 5 வரை பொறியில் 31 விழுந்தது. நான் கீழே சேலத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன். மார்ச் 6ஆம் தேதி காலண்டரில் 12க்கு 3.

ரைபிளுக்குக் கிடைத்த வேலை

மிச்சம் மூன்று கட்டத்தில் நடந்த எலிகள் பொறியைத் தொடவில்லை. தடம் பொறிக்கு ஒரு சாண் முன்னால் வந்து, சுற்றி வளைத்துக்கொண்டு போனது. புதுச் சாமானைப் பார்த்தால் ஒதுங்குகிற கிழட்டு எலிகள். தேங்காய், கருவாடு, வேர்க்கடலை எதற்கும் மசியவில்லை.

இந்த இடத்தில்தான் ஏர் ரைபிளைத் திரும்ப எடுத்தோம். இப்போது நிலைமை வேறு. உள்ளே இருக்கிறது சில எலி, வெளியிலிருந்து வர வழியில்லை, எந்தச் சுவரோரம் எத்தனை மணிக்கு நடக்கிறது என்று கோலமாவு சொல்லிவிட்டது. மணல் மூட்டையை அந்தப் பாதையின் முடிவில் வைத்து, ஏழு மீட்டரில் ஒரு கால்முட்டி உயரப் பலகையில் ரைபிளைத் தாங்கி உட்கார்ந்தேன். மார்ச் 8க்கும் 22க்கும் நடுவில் ஐந்து இரவு. ஐந்து ரவை, நாலு எலி, எதுவும் அடிபட்டு ஓடவில்லை. கடைசியாக விழுந்தது ஒரு பெருச்சாளி, வால் நுனி எப்போதோ அறுந்தது. பொறியும் பொறுமையும் தோற்ற இடத்தில் ஒரு ரவை அந்த வேலையைச் செய்தது. நஞ்சு இல்லாமல், ஒரே நொடியில். இந்த நாலுக்காக அந்த ரைபிளை நான் மதிக்கிறேன். முதல் 26க்காக இல்லை.

தோட்டம் வைத்திருக்கிறவர்கள் இப்போது என்னிடம் வந்து எந்த ரைபிள் நல்லது என்று கேட்கிறார்கள். நான் அவர்கள் குடோன் கதவைத்தான் முதலில் பார்க்கக் கேட்கிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை. தகரமும் சிமெண்டும் யாருக்கும் கைச்சுகம் தருவதில்லையே. ஆரஞ்சு தின்னும் குரங்குக்கு என்ன செய்வது என்று கேட்பவர்களிடம், ஏர் ரைபிளை வைத்து எதுவும் செய்யாதீர்கள் என்று நேரடியாகவே சொல்கிறேன். பயமுறுத்தச் சுட்டேன் என்பதெல்லாம் குரங்கின் கண் போன பிறகு சொல்கிற பேச்சு.

களத்தைப் பார்த்த மாதிரி சில்வர் ஓக்குக்குப் பக்கத்தில் பெரியவர் ஒரு மூங்கில் நட்டு, மேலே குறுக்காக ஒரு கட்டை கட்டியிருக்கிறார், கூகை வந்து உட்கார. மார்ச் 28ஆம் தேதி இரவு கடைசியாக மாவு தூவினோம். விடிந்ததும் சித்தி காலண்டரையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு முன்னால் போனார். பன்னிரண்டில் ஒரே ஒரு கட்டத்தில், கதவோரம், தடம். குனிந்து பார்த்தார். நாலு சின்ன விரல், தத்தித் தத்திப் போன இடைவெளி, வால் கோடு இல்லை. "தேரை" என்று சொல்லிவிட்டு, பூஜ்யம் என்று எழுதினார்.